வெங்கர் போயிருக்க வேண்டிய வருடம் 2016

லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: 1996 முதல் 2018 வரை மேனேஜராக இருந்த ஆர்சென் வெங்கர் எப்போது போயிருக்க வேண்டும்? அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. 2023-ல் கிளப்பின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே சிலையே வைத்துவிட்டார்கள். சண்டை மட்டும் ஓயவில்லை.

அதிகம் பேர் சொல்லும் தேதி 2014 மே 17. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரே ஹல் சிட்டி. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் ஹல் இரண்டு கோல் போட்டுவிட்டது. மூன்றாவதும் விழுந்திருக்கும்; கோல் கோட்டில் நின்ற கீரன் கிப்ஸ் தலையால் முட்டி வெளியே தள்ளினார். ஒன்பது வருடமாகக் கோப்பையைத் தொடாத கிளப். இரண்டு மாதத்துக்கு முன்புதான் வெங்கரின் ஆயிரமாவது ஆட்டத்தில் செல்சி ஆறு கோல் அடித்து அனுப்பியிருந்தது. அன்றும் தோற்றிருந்தால் மனுஷன் தானாகவே கிளம்பியிருப்பார் என்பது என் ஊகம். தோற்கவில்லை. கசோர்லாவின் ஃப்ரீ கிக், அப்புறம் கோசியெல்னி, கூடுதல் நேரத்தில் ஜிரூ குதிகாலால் தட்டிவிட்ட பந்தை ஓடி வந்து உள்ளே அனுப்பிய ராம்சி. 3-2. வீரர்கள் அவரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.

அன்றே கிளம்பியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்பார்கள். அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நியாயமாக இருந்திருக்காது.

ஏனென்றால் அந்த ஒன்பது வருடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பழைய மைதானமான ஹைபரியில் 38,000 பேர்தான் உட்காரலாம். 2006-ல் 60,000 பேர் அமரும் எமிரேட்ஸுக்கு மாறினார்கள். மைதானம் கட்ட வாங்கிய கடனை அடைக்கும் வருடங்களில் நட்சத்திர வீரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்: ஹென்றி போனார், ஃபாப்ரிகாஸ் போனார், நஸ்ரி போனார், வான் பெர்சி போனார். வான் பெர்சி போனது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. போன முதல் வருடமே லீக் வென்றார். அதைப் பார்த்த வயிற்றெரிச்சல் இன்னும் எங்களில் பலருக்கு அடங்கவில்லை. வங்கிகள் கடன் கொடுத்தபோது, வெங்கர் ஐந்து வருடம் இருப்பார் என்ற உறுதியைக் கேட்டன என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் எதிரே நின்ற செல்சிக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் இவர் இருபது வயதுப் பையன்களை வைத்து, ஒரு வருடம்கூடத் தவறாமல் ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்குள் கிளப்பைக் கொண்டுபோனார். 2013-ல் ஓசில், 2014-ல் சாஞ்செஸ் என்று பெரிய வீரர்களை வாங்கப் பணம் அப்போதுதான் கைக்கு வர ஆரம்பித்தது. பஞ்ச காலம் முழுக்கக் கஞ்சி ஊற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவரை, முதல் அறுவடை வீட்டுக்கு வந்த அன்று போய்வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே 2014 இல்லை. கையில் காசு வந்த பிறகு என்ன செய்கிறார் என்று பார்க்க அவருக்கு இரண்டு வருடம் தந்திருக்க வேண்டும். தந்தார்கள். பதிலும் கிடைத்தது. அந்தப் பதில்தான் 2015-16.

அந்த சீசனை நினைத்தால் இன்றும் தூக்கம் போகும். மேனேஜர் மொரீனியோவை டிசம்பரில் துரத்திய செல்சி பத்தாவது இடம். லிவர்பூல் எட்டாவது. யுனைடெட் ஐந்தாவது. சிட்டி நான்காவது, அதுவும் கோல் கணக்கில் தப்பித்தது. பெரிய கிளப்கள் எல்லாம் ஒரே வருடத்தில் கூண்டோடு சறுக்கியது என் நினைவில் வேறு எப்போதும் இல்லை. வழியில் முக்கியமாக நின்றது லெஸ்டர் என்ற சின்னக் கிளப்தான். அந்த லெஸ்டர் சீசன் முழுவதும் தோற்றது மூன்றே மூன்று ஆட்டம். மூன்றில் இரண்டில் அடித்தது யார்? நாங்கள். அவர்கள் ஊரில் 5-2. எங்கள் ஊரில் பிப்ரவரி 14 அன்று 2-1. காயத்திலிருந்து பல மாதம் கழித்துத் திரும்பிய வெல்பெக் 95-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிய கோல். எமிரேட்ஸில் அப்படி ஒரு சத்தத்தை டிவியில்கூட அதற்கு முன் நான் கேட்டதில்லை. இடைவெளி இரண்டே புள்ளி. இனி நம்முடையதுதான் என்று நினைக்காத ஆர்சனல்காரன் அன்று உலகத்தில் எவனும் இருந்திருக்க மாட்டான்.

அடுத்த இரண்டு வாரத்தில் கதை முடிந்துவிட்டது. ஓல்ட் டிராஃபோர்டில், முதல் லீக் ஆட்டம் ஆடிய ராஷ்ஃபோர்ட் என்ற பையன் இரண்டு கோல் போட்டான்; 3-2 தோல்வி. மூன்று நாளில் சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 2-1. கடைசியில் லெஸ்டர் 81, ஆர்சனல் 71. பத்து புள்ளி!

இதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. செல்சியின் ரஷ்யப் பணம், சிட்டியின் அபுதாபிப் பணம் என்று சொல்ல முடியாது, ஜெயித்தது லெஸ்டர். மைதானக் கடன் என்று சொல்ல முடியாது. 2015 கோடையில் வங்கியில் பணம் இருந்தது. அந்தக் கோடையில் முதல் அணிக்கு அவர் வாங்கிய ஒரே ஆள் கோல்கீப்பர் செக். ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும், நடுவில் ஓர் உறுதியான ஆள் வேண்டும் என்று தெருவில் போகிறவனுக்கும் தெரிந்தது. இருக்கும் அணியே போதும் என்று அவர் நம்பினார். பஞ்ச காலத்தில் எந்த நம்பிக்கை கிளப்பைக் காப்பாற்றியதோ அதே நம்பிக்கைதான் இங்கே காலை வாரியது. என் கணக்கில் ஒரு மேனேஜர் போக வேண்டிய நேரம் 8-2 என்று தோற்கும் நாள் இல்லை, கோப்பை வெல்லும் நாளும் இல்லை. கோப்பையும் தோல்வியும் ஒரு நாள் கூத்து. சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லாத முதல் சீசன் முடிகிறது பாருங்கள், அதுதான் நேரம்.

அந்த ஏப்ரல் 30 அன்று நார்விச்சுடன் ஆட்டம். மாற்றத்துக்கான நேரம் வந்துவிட்டது என்று அச்சடித்த தாள்களை ரசிகர்கள் கையில் பிடித்திருந்தார்கள். கடைசி லீக் பட்டம் வென்று 12 வருடம் ஆனதால் 12-ஆவது நிமிடத்தில் ஒருமுறை, 78-ஆவது நிமிடத்தில் இன்னொரு முறை. கெட்ட வார்த்தை கிடையாது, பெயர் சொல்லித் திட்டுவது கிடையாது. அதைப் பார்த்ததும் மைதானத்தின் மற்ற பக்கங்களிலிருந்து வெங்கர் பெயரைச் சொல்லிப் பாட்டு கிளம்பியது. தாள் பிடித்தவர்களும் பாடியவர்களும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்துகொண்டது அநேகமாக அதுதான் கடைசி.

சரி, ரசிகர்களுக்குத் தெரிந்தது கிளப்புக்குத் தெரியாதா? தெரிந்து என்ன பயன், சொல்ல ஆள் வேண்டுமே. ஜப்பானில் நகோயா அணியில் இருந்த வெங்கரை 1996-ல் லண்டனுக்குக் கொண்டுவர முன்நின்றவர் டேவிட் டீன். வீரர்களை வாங்குவது விற்பது அவர் பொறுப்பு. வெங்கரிடம் உரிமையாகச் சண்டை போடக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். 2007 ஏப்ரலில் நிர்வாகச் சண்டையில் டீன் வெளியேறினார். அதன் பிறகு யாரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்று எல்லாச் சாவியும் வெங்கர் இடுப்பில். அமெரிக்க முதலாளி குரோங்கி மைதானம் பக்கம் வருவதே அபூர்வம். நிர்வாக அதிகாரி கசீடிஸ் 2017 ஏப்ரலில் மாற்றம் வரும் என்று ரசிகர்களிடம் பேசினார். அடுத்த மாதமே வெங்கருக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம். இதில் வெங்கரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தன்னை எப்போது அனுப்புவது என்ற முடிவையும் அவரிடமே விட்டால் அவர் என்னதான் செய்வார்? லிவர்பூலில் மேனேஜர் பில் ஷாங்க்லி 1974-ல் தானாகவே விலகினார். விலகிய பிறகும் மனம் கேட்காமல் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். அந்த வேலை அப்படிப்பட்டது.

2016-ல் முடித்திருந்தால் அடுத்த இரண்டு வருடத்தை யாரும் பார்க்க வேண்டியிருந்திருக்காது. பயர்ன் மியூனிக்கிடம் அங்கே 5-1, இங்கே 5-1. 2017 மார்ச் 18 அன்று வெஸ்ட் பிராம் மைதானத்துக்கு மேலே ஒரு விமானம் அவரைப் போகச் சொல்லும் பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. கொஞ்ச நேரத்தில் அவரை ஆதரிக்கும் பேனருடன் இன்னொரு விமானம். கீழே அணி 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டு கோஷ்டியும் பெட்ரோலுக்குச் செலவழித்த காசில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் அதிபர் முகாபேக்கு எதிராக நடந்த ஊர்வலத்தில்கூட ‘வெங்கர் அவுட்’ அட்டை தெரிந்தது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் 2014 டிசம்பரில் ஸ்டோக் ரயில் நிலையத்தில், ரயில் ஏறப் போன 65 வயது மனிதரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்களே, அதில் சிரிக்க எதுவும் இல்லை. சொந்த அணி தோற்றால் ‘அவுட்’ கோஷ்டிக்கு உள்ளூரச் சந்தோஷம். ஜெயித்தால் ‘இன்’ கோஷ்டிக்கு ஆட்டத்தைவிட எதிர்க் கோஷ்டியின் மூக்கை உடைத்ததில் சந்தோஷம். கால்பந்து பார்க்கிற லட்சணமா இது?

2018 மார்ச் 1, பனி கொட்டும் வியாழக்கிழமை, சிட்டியுடன் ஆட்டம். கிளப் அறிவித்த கூட்டக் கணக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். அது விற்ற டிக்கெட்டின் கணக்கு. டிவியில் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாகக் காலி சிவப்பு நாற்காலிகள். திட்டுவதற்குக்கூட ஆள் வரவில்லை. ஏப்ரல் 20 அன்று விலகல் அறிவிப்பு வந்தது.

இங்கே யுனைடெட்டின் மேனேஜராக இருந்த ஃபெர்குசனை இழுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. 1989 டிசம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் அவரைப் போகச் சொல்லி பேனர் பிடித்தார்கள், அடுத்த மே மாதம் கோப்பை வந்தது, அப்புறம் 13 லீக் பட்டம் வந்தது, ரசிகன் பேச்சைக் கேட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்போது ஃபெர்குசன் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவரையும் கட்டி முடித்து இருபது வருடம் குடியிருந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. வெங்கர் போன பிறகு என்ன கிழித்தீர்கள்? லீகில் ஐந்தாவது, எட்டாவது, மறுபடி எட்டாவது. 2021-22-ல் ஐரோப்பியப் போட்டி எதிலுமே இடமில்லை. கால் நூற்றாண்டில் முதல்முறை. இந்தக் கேள்வியை ‘இன்’ கோஷ்டி ஏதோ பிரம்மாஸ்திரம் போல எறிவார்கள். எனக்கு அது என் பக்கத்துச் சாட்சியாகவே தெரிகிறது. 2016-க்குப் பிறகு, சாஞ்செஸ், ஓசில் இருவரின் ஒப்பந்தமும் 2018-ல் முடிகிறது என்று தெரிந்தும் இழுத்தடித்தார்கள். மேனேஜரே இருப்பாரா மாட்டாரா என்று தெரியாத கிளப்பில் எந்த வீரன் கையெழுத்துப் போடுவான்? 2018 ஜனவரியில் சாஞ்செஸ் யுனைடெட்டுக்குப் போனார். பணமாக ஒரு பைசா வரவில்லை, பதிலுக்கு மிக்கிதாரியன் வந்தார். ஓசிலையும் விட்டால் மானம் போகும் என்று வாரத்துக்கு 3,50,000 பவுண்டு கொடுத்து வைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அந்தச் சம்பளம் 2021 ஜனவரி வரை கிளப்பின் கழுத்தில் தொங்கியது. எட்டாவது இடத்துக்கு விதை போட்டது அந்த இரண்டு வருடம்.

யார் வந்திருப்பார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 ஜனவரியில் லிவர்பூல் மேனேஜர் கிளாப் செய்தது போல, சீசன் நடுவிலேயே, இது என் கடைசி சீசன் என்று வெங்கர் சொல்லியிருந்தால் கிளப்புக்கு ஆள் தேட ஐந்து மாதம் கிடைத்திருக்கும். லிவர்பூல் அந்த அவகாசத்தில் ஸ்லாட்டைப் பிடித்தது. அவர் ஏறக்குறைய அதே அணியை வைத்து அடுத்த வருடமே லீக் வென்றார். 2016-ல் மேனேஜர் குவார்டியோலாவை சிட்டி முன்பே வளைத்துவிட்டது, சரி. இன்னொரு மேனேஜர் கொன்டே செல்சிக்கு என்பது ஏப்ரலில்தான் அறிவிப்பானது. அவரும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பெயினின் செவியாவுக்குத் தொடர்ந்து மூன்று முறை, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் வாங்கித் தந்துவிட்டு, ஐரோப்பாவே திரும்பிப் பார்க்கும் நிலையில், அந்தக் கோடையில் அடுத்த கிளப்புக்குக் கிளம்பிய ஒருவர் இருந்தார். உனாய் எமெரி. 2018-ல் வெங்கர் நாற்காலியில் ஆர்சனல் உட்கார வைத்தது அதே எமெரியைத்தான். நடுவில் இரண்டு வருடம் பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.யில் இருந்து, இரண்டாவது வருடம் நட்சத்திர வீரர் நெய்மாரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவரை.