கனடாவில எடுத்த ரிப்போட்டும் பரந்தன் பிள்ளையின்ர கண்ணும்

கனடாவில இருக்கிற சொந்தக்காரர் அங்க ஜீன் ரெஸ்ற் எடுத்திட்டு, "எங்களுக்கு ஒண்டுமில்லையாம், நீங்களும் பயப்பிடாதேங்கோ" எண்டு வட்ஸ்அப்பில அனுப்பிறது இப்ப வன்னியிலயும் நடக்குது. பரந்தன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் அதை நம்பி மகளின்ர கண் கிளினிக்கையே விட்டிட்டுது. பிள்ளைக்கு ரெண்டு கண்ணிலயும் மங்கல். நோய் இல்லாத மச்சானின்ர துப்பலில ஒண்டும் இல்லாததுக்கும் இந்தப் பிள்ளையின்ர கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ரெஸ்ற் முழுப் பொய் எண்டு நான் சொல்லேல்லை. விழிவெண்படலம் எண்டது கண்ணின்ர முன்பக்கத்துத் தெளிவான படலம். அதில வாற பரம்பரை நோய்களில சிலதை இந்த ரெஸ்ற் திறமாப் பிடிக்கும். ரி.ஜி.எப்.பி.ஐ எண்ட மரபணுவை 1997இல இந்த நோய்களோட தொடுத்தவை. அதில 124ஆம், 555ஆம் இடங்களில வாற விகாரங்கள்தான், அதாவது மரபணு எழுத்துப் பிழையள்தான், உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பக் காணுறவை. டொக்டர் ஸ்லிட் லாம்ப் எண்ட கண் பாக்கிற நுணுக்குக்காட்டியில மணிமணியாயோ வலைக்கோடாயோ படிவைக் கண்டு, ரெஸ்ற்றும் அதுக்குரிய விகாரத்தையே காட்டினா நம்பலாம். அதில ஒரு வகைக்காரர் கண்ணாடியைக் கழட்டிற ஆசையில லாசிக் எண்ட லேசர் சிகிச்சை செய்தா படிவு மோசமாக் கூடும். அப்பிடிப் படிவு தெரியிற குடும்பம், லேசருக்கு முதல் ரெஸ்ற்றுக்குக் குடுக்கிற காசு வீண் இல்லை.

எனக்குப் பயம் மற்ற வகையில. சொந்தத்துக்குள்ள கலியாணம் கட்டிற ஆக்கள் நாங்கள். விழிவெண்படலத்தை மங்கலாக்கிற மக்குலர் டிஸ்ட்ரோபி எண்ட பரம்பரை நோய் தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டயும் மறைஞ்சு கிடந்து பிள்ளையில வெளிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வாய்ப்பு. அதுக்குரிய சி.எச்.எஸ்.ரி.6 மரபணுவில விகாரம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சில பேருக்குப் பிழை மரபணுவுக்குள்ளயே இல்லை, அதுக்கு முன்னால இருக்கிற பகுதி அழிஞ்சு போயிருக்கும். மரபணுவை மட்டும் வாசிக்கிற லாப் "ஒண்டுமில்லை" எண்டு எழுதி அனுப்பிப்போடும்.

வயசானவைக்கு விழிவெண்படலத்தில வாற பூக்ஸ் நோயில இன்னொரு வில்லங்கம். ரி.சி.எப்.4 எண்ட மரபணுவில மூண்டு எழுத்து திரும்பத் திரும்ப நீளுறதை வழமையான வாசிப்பு எண்ணாது, அதுக்கு வேற முறை வேணும். நீண்டிருந்தும் நோய் வராத ஆக்களும் இருக்கினம். விழிவெண்படலம் மெலிஞ்சு கூம்பாத் தள்ளுற கெரட்டோகோனஸுக்கு ஆபத்துப் புள்ளி போட்டு விக்கிற ரெஸ்ற்றை நான் வாங்கமாட்டன். அது ஒரு மரபணுவால வாற நோய் இல்லை. விழியின்ர வளைவை அளக்கிற ஸ்கான் அதைவிட நேராச் சொல்லும்.

சில ரிப்போட்டில விகாரம் இருக்கு, ஆனா கருத்துத் தெளிவில்லை எண்டு வரும். ஒப்பிட்டுப் பாக்கிற தரவுத்தொகுப்பில முக்காவாசி ஐரோப்பிய வம்சாவளி ஆக்கள். எங்களைப்போல ஆக்கள் குறைவு. அப்ப குடும்பத்தில நோய் உள்ளவையிட்ட அந்த விகாரம் இருக்கோ, இல்லாதவையிட்ட இல்லையோ எண்டு பாத்துத்தான் முடிவெடுக்க வேணும். 2009க்குப் பிறகு வன்னியில எத்தினை வீட்டில அப்பிடி நிரைக்கு ஆக்கள் இருக்கினம்? கிளினிக் கொப்பியும் இடம்பெயர்வோட போச்சு. அப்பம்மாவுக்குப் பார்வை போனது நெல் உமி பட்டோ, ஷெல் பீஸ் பட்டோ, பரம்பரையோ எண்டு சொல்ல ஆளில்லை. இருக்கிற பெரியாக்களிட்ட இப்பவே கேளுங்கோ: ஒரு கண்ணோ, ரெண்டு கண்ணோ? காயமெண்டா பெரும்பாலும் ஒரு கண், பரம்பரையெண்டா அனேகமா ரெண்டும்.

கிளினிக்கை விடுறதுதான் பெரிய பிழை. பார்வை மோசமாப் போனாலும் தானமாக் கிடைக்கிற விழிவெண்படலத்தை மாத்திறது இந்த நாட்டில புதுசில்லை. 1961இல ஹட்சன் சில்வா தொடங்கின கண்தானச் சங்கம் வெளிநாட்டுக்கே அனுப்புது.

கனடாக்காரர் உதவ விரும்பினா, முதலில நோய் உள்ள பிள்ளையின்ர இரத்தத்தைப் பரிசோதிக்கக் காசு அனுப்பட்டும். அதில விகாரம் பிடிபட்டா, மற்றவை அந்த ஒண்டை மட்டும் பாத்தாக் காணும். லாப்பிட்ட எந்த மரபணு, எந்த முறை எண்டு எழுத்தில வாங்குங்கோ. அதுவரைக்கும் பிள்ளையின்ர கிளினிக் திகதியைத் தவறவிடாதேங்கோ.