நம் கடலடியில் மீத்தேன் ஹைட்ரேட்டா?
அண்ணே, "சிங்கப்பூர்க் கடலடியில் மீத்தேன் ஹைட்ரேட் இருக்கு, எடுத்து ஃபியூல் செல்லில் விட்டால் புகையே இல்லாத மின்சாரம்" என்று மேலே எழுதியிருக்கீங்க. (ஃபியூல் செல் என்பது எரிபொருளை எரிக்காமல் வேதிவினையால் மின்சாரம் எடுக்கும் கருவி.) இரண்டுமே சரியில்லை.

ஹைட்ரேட் என்பது நீர் மூலக்கூறுகள் கட்டிய கூண்டுக்குள் மீத்தேன் (இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி) சிக்கிய, பனிக்கட்டி போன்ற பொருள். அது கலையாமல் இருக்கக் கடுங்குளிரும் பெரும் அழுத்தமும் வேண்டும். வெப்பமண்டலக் கடலில் பல நூறு மீட்டர் ஆழம் போனால்தான் கிடைக்கும். ஈஸ்ட் கோஸ்ட்டில் கால் நனைத்துப் பாருங்க, தண்ணீரே கிட்டத்தட்ட முப்பது டிகிரி! நம் நீரிணையில் பெரும்பாலும் நூறு மீட்டர் ஆழம்கூடக் கிடையாது.

தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரேட் ஆய்வு நடப்பது உண்மை. இயற்கை எரிவாயுவைத் திடமாக்கிச் சேமிப்பதும் அதில் ஒன்று. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

எடுப்பதும் லேசல்ல. ஜப்பான் 2013-இல் தன் கடற்கரைக்கு அப்பால் நன்காய் (Nankai) கடலடிப் பள்ளத்தின் பக்கம் அழுத்தத்தைக் குறைத்து எடுத்துப் பார்த்தது. ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் புகுந்து சோதனை நின்றது. 2017-இல் சீனா தென்சீனக் கடலில் 60 நாள் எடுத்தது; அதுவும் சோதனைதான், வணிக உற்பத்தி அல்ல.

ஃபியூல் செல்லில் தீ இல்லை, சரி. ஆனால் மீத்தேனில் உள்ள கார்பன் எங்கே போகும்? கார்பன் டையாக்சைடாகத்தான் வெளியே வரும். ஹைட்ரஜனைத் தனியே பிரித்துக் கொடுத்தாலும், பிரிக்கும் இடத்தில் அதே வாயு வரும். செல்லின் திறன் கூடுதல் என்பதால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். மீத்தேனே பூமியைக் கடுமையாகச் சூடாக்கும் வாயு என்பதால், வழியில் அது கசிந்தால் அந்த லாபமும் போச்சு.