‘நீயே பாத்து முடிவு பண்ணும்மா’ன்னு இனி ஒருத்தர் சொல்லிப் பாருங்க

எங்க குடும்பத்துல ரொம்ப ஆபத்தான ஆளு கோவக்காரர் இல்ல. “எனக்கு எதுவா இருந்தாலும் சரிதான்”னு சிரிச்ச முகமா சொல்ற ஆளுதான். அந்த ஆளை நம்பி ஒரு டிக்கெட்டைப் போட்டுப் பாருங்க. கல்யாண வீட்ல கடைசிப் பந்தில உக்காந்து சாம்பாரை வழிச்சு வழிச்சு சாப்பிட்டுட்டு, எழுந்திருக்கும்போது “உப்பு கொஞ்சம் தூக்கல்”னு சொல்லிட்டுப் போவாரே ஒருத்தர், அவரேதான் இவரும்.

விஷயம் இதுதான். நாங்க பம்பாய்ல இருக்கற திருநெல்வேலிக் குடும்பம். எங்க மதினி, அதாவது என் வீட்டுக்காரரோட அக்கா, சிகாகோல இருக்காங்க. ரொம்ப வருஷமா கூப்பிடறாங்க. இந்தத் தடவை மாமாவும் அத்தையும் “உடம்பு ஓடும்போதே ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்”னுட்டாங்க. மாமா, அத்தை, இவர், நான், ரெண்டு பிள்ளைங்க. சந்தோஷமா ‘சிகாகோ சலோ’ன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கச் சொன்னாரு என் கொழுந்தன், நானும் ஆரம்பிச்சேன். அவர் வரல. டோம்பிவிலில இருக்கற பெரிய மாமாவும் குரூப்ல இருக்காரு. அவரும் வரல. குரூப்ல அதிகமா பேசறது இந்த ரெண்டு பேரும்தான்.

எல்லாருமா சேர்ந்து என்கிட்ட சொன்னது: “நீ செம்பூர்ல இருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் ஆபீஸ் போற பொண்ணு, உனக்குத் தெரியாததா, நீயே பாத்து முடிவு பண்ணும்மா.”

பாத்தேன். முடிவும் பண்ணேன். அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் வாய் வந்துச்சு.

முதல் கேள்வி பெரிய மாமாகிட்ட இருந்து. “அந்த ஊர்ல அப்படி என்ன இருக்கு? ஏரிதானே? ஏரி பாக்கணும்னா பவாய் போங்க. துறைமுகம் பாக்கணும்னா பாவ்ச்சா தக்கா போங்க. ரெண்டுக்கும் பஸ் இருக்கு.” இதுக்கு எங்க மாமா கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறாரு! விசா போட்டோ எடுக்க வேண்டிய மனுஷன்!

பெரிய மாமா, மிச்சிகன் ஏரி ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். கேரளா மொத்தத்தையும் தூக்கி உள்ள போட்டாலும் சுத்தி படகு விட இடம் மிச்சம் இருக்கும். அதோட அது நல்ல தண்ணி ஏரி. அட்லாண்டிக் கடல்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல உள்ள தள்ளி இருக்கற ஊருக்கு, 1959ல செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்ததுல இருந்து கடல் கப்பல் வந்து போகுது. இதையெல்லாம் நான் குரூப்ல தட்டச்சு பண்ணிப் போட்டேன். பதிலுக்கு ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ வந்துச்சு.

அடுத்து தேதி. இது தனிக் கொடுமை. இங்க பிள்ளைங்களுக்கு ஏப்ரல் கடைசில லீவு விட்டு ஜூன் நடுவுல ஸ்கூல் திறந்துடும். அங்க மதினி பிள்ளைங்களுக்கு மே கடைசி வரைக்கும் ஸ்கூல், அதுக்கப்புறம்தான் லீவே ஆரம்பிக்கும். ரெண்டும் ஒட்டிக்கற இடம் ஜூன் முதல் ரெண்டு வாரம். அதை விட்டா வேற வழி இல்ல. ஒரு நாள் ராத்திரி உக்காந்து ரெண்டு ஸ்கூல் காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கண்டுபிடிச்சேன். போட்டேன் குரூப்ல.

“ஏன், கிறிஸ்துமஸ் லீவுல போலாமே, ஸ்னோ பாக்கலாம்”னாரு கொழுந்தன். தாணே போற பஸ்ல ஏசி ஓடுனாலே மஃப்ளர் சுத்தற ஆளு. 2019 ஜனவரி 30ந் தேதி அந்த ஊர்ல மைனஸ் முப்பது டிகிரி செல்சியஸ் போச்சு தம்பி. அத்தைக்கு முட்டி வலி, மாமாவுக்கு வீசிங். ஸ்னோவை நீங்க போய் பாத்துட்டு போட்டோ அனுப்புங்க.

மாமாவுக்கு வேற ஆசை. செப்டம்பர் 11. சிகாகோல நடந்த உலக சமய மாநாட்டுல விவேகானந்தர் பேசின நாள். அந்தத் தேதில அந்த மண்ணுல நிக்கணும். எனக்கும் அந்த ஆசை புரியுது, சும்மா சொல்லல. அவர் 1893 மே 31ந் தேதி கப்பல் ஏறினது இதே பம்பாய்லதான். ஆனா செப்டம்பர்ல பிள்ளைங்களுக்குப் பரீட்சை மாமா. அதைச் சொல்றதுக்குள்ள பெரிய மாமா குறுக்க வந்து, “செப்டம்பர் 11 அன்னிக்கு அமெரிக்காவுல விமானத்துல பறக்கறதா? யோசிச்சுதான் பேசறீங்களா?”ன்னாரு. அண்ணனும் தம்பியும் ரெண்டு நாள் பேசிக்கல. அதுவும் என்னாலதானாம்.

சரி, விவேகானந்தர் பேச்சு வந்ததால சொல்றேன். அவருக்காக மெட்ராஸ்ல அளசிங்கப் பெருமாள் வீடு வீடா ஏறி இறங்கிப் பணம் சேத்துக் கொடுத்தாரு. சிகாகோ போய்ச் சேந்தா, அறிமுகக் கடிதம் எங்கன்னு கேட்டாங்க, பதிவு பண்ற தேதியும் முடிஞ்சு போச்சு. ஹார்வர்ட் பேராசிரியர் ஒருத்தர் கடிதம் எழுதிக் கொடுத்தாரு, ஆனா திரும்ப சிகாகோ வந்து இறங்கினப்ப போக வேண்டிய விலாசம் தொலைஞ்சு போய், ரயில்வே யார்டுல ஒரு பெட்டிக்குள்ள படுத்துத் தூங்கினாருன்னு படிச்சிருக்கோம். அவரையே காகிதம் கேட்ட ஊரு அது. என் வீட்ல ஒரு காகிதம் கேட்டா, “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்”ங்கறாங்க. எனக்கு எந்தப் பேராசிரியர் கடிதம் கொடுப்பாரு?

விசா ஃபாரத்துக்கு வர்றேன். டிஎஸ்-160. ஆறு பேருக்கும் நான்தான் ரொப்பணும். ஆளுக்கு 185 டாலர் கட்டணம், கிடைச்சாலும் கிடைக்காட்டியும் திரும்பி வராது. அந்த ஃபாரத்தை இருபது நிமிஷம் தொடாம விட்டா வெளிய தள்ளிடும். இருபது நிமிஷத்துல எங்க மாமா கண்ணாடியைக் கூட கண்டுபிடிக்க மாட்டாரு.

முதல் பெட்டியே குடும்பப் பெயர். திருநெல்வேலிக்காரங்களுக்கு ஏதுங்க குடும்பப் பெயர்? பம்பாய்ல பொறந்ததுல இருந்து “சர்நேம் க்யா ஹை?”ன்னு கேட்டவனுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப் போன கூட்டம் நாங்க. மாமா பாஸ்போர்ட்ல அந்த இடம் காலி. அதனால அவரோட பேரைக் கொண்டுபோய் குடும்பப் பெயர் இடத்துல போட்டு, சொந்தப் பேரு இடத்துல ‘எஃப்என்யு’ன்னு போடணும். முதல் பேரு தெரியாதுன்னு அர்த்தம். “எழுபத்தஞ்சு வயசு, பேரு தெரியாதவனா நானு?”ன்னு மாமா எந்திரிச்சுப் போயிட்டாரு. சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள ஃபாரம் மூடிக்கிச்சு.

மறுபடி. உங்க அப்பா பொறந்த தேதி என்ன மாமா? “ஆடி மாசம். செவ்வாக்கிழமைன்னு எங்க ஆச்சி சொல்லுவா.” தெரியாதுன்னு ஒரு கட்டம் இருக்கு மாமா, டிக் பண்ணிடறேன்னா விட மாட்டேங்கறாரு. தெரியும்ங்கறாரு. ஊருக்கு போன் போடறாரு. யாரோ பழைய டிரங்குப் பெட்டியத் திறக்கப் போறாங்க. ஃபாரம் மூடிக்கிச்சு.

அத்தைகிட்ட, அஞ்சு வருஷமா என்னென்ன சோஷியல் மீடியா வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். ஒரே ஒரு ஃபேஸ்புக்னு நினைச்சேன். நாலு இருக்கு. பாஸ்வேர்டு மறக்க மறக்கப் புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் படம் ஒண்ணுதான், சேடா நகர் முருகன்.

அப்புறம் வந்துச்சு பாருங்க பாதுகாப்புக் கேள்விகள். துப்பாக்கி, வெடிமருந்து, அணு, உயிரியல், வேதியியல் இதுல ஏதாவது தனிப் பயிற்சியோ அனுபவமோ உண்டா? நான் படிச்சுக் காட்டிட்டு ‘இல்லை’யை அமுக்கப் போறேன். மாமா என் கையைப் பிடிச்சுட்டாரு. “இரும்மா. நான் அணுசக்தித் துறைல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன்.”

மாமா, நீங்க கணக்குப் பிரிவுல இருந்தீங்க. பயணப்படி பில்லு பாத்தீங்க.

“இருந்தாலும் நாளைக்கு ஒருத்தன் கேட்டா? பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல?” அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ்ல இருந்ததை எல்லாம் அணு அனுபவமா எழுதச் சொல்றாரு! அப்படிப் பாத்தா அந்தக் காலனில பால் போட்ட அண்ணாச்சிக்கும் அனுபவம் இருக்கே! என் வீட்டுக்காரர்கிட்ட, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்னேன். அவர் போனை விட்டுத் தலையத் தூக்காம, “ரெண்டு பேரும் சொல்றது சரிதான்”னாரு.

அந்த மனுஷனைப் பத்தி தனியா எழுதணும். சிகாகோ ஆறு ஏரிக்குள்ள போய் சாக்கடையைக் கலந்து குடிதண்ணியக் கெடுக்குதுன்னு, 1900ல கால்வாய் வெட்டி ஆறு ஓடற திசையையே மாத்திட்டாங்க. ஆத்தையே திருப்பிட்டாங்க. எனக்கு இவர்கிட்ட இருந்து ஒரு ‘ஆமா’ இல்லாட்டி ‘இல்ல’ வாங்க முடியல. எதைக் கேட்டாலும் கட்டை விரல். சரின்னு நினைச்சு விமான டிக்கெட் பணம் கட்டற பக்கம் வரைக்கும் போனா, பின்னால வந்து நின்னு, “துபாய்ல எட்டு மணி நேரமா காத்திருக்கணும்?”ங்கறாரு. ரெண்டு நாளா குரூப்ல கிடந்த படம்தான் அது! அதுக்குத்தான் கட்டை விரல் போட்டாரு! வேற ஃப்ளைட் தேடி முடிக்கறதுக்குள்ள பழைய விலை போயே போச்சு.

தங்கற இடம். மதினி ‘சிகாகோ’ன்னு சொல்றது நேப்பர்வில். ஊர் நடுவுல இருந்து நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. கல்யாண்ல இருந்துகிட்டு பம்பாய்ன்னு சொல்ற கதைதான், அதுல எனக்குக் கோவம் இல்ல. ஆனா தினமும் வயசான ரெண்டு பேரை ரயில்ல கூட்டிட்டுப் போய் ராத்திரி திரும்ப முடியாது. மூணு ராத்திரி ஊருக்குள்ள ஓட்டல் போடலாம்னேன். வந்துச்சே வெடி! “சொந்த அக்கா வீடு இருக்கும்போது ஓட்டல்லயா?” ஓட்டல் வரி மட்டும் பதினேழு சதவீதத்துக்கு மேலன்னு கண்டுபிடிச்சு குரூப்ல போட்டது யாரு? வரவே வராத கொழுந்தன்.

பாக்க வேண்டிய இடம்னு ஒரு பட்டியல் போட்டேன். பொண்ணுக்கு மில்லினியம் பார்க்ல இருக்கற அந்தப் பளபளப்பான ‘பீன்’. செஞ்சவர் அனிஷ் கபூர், 1954ல பம்பாய்ல பொறந்தவர். “நம்ம ஊருக்காரன் செஞ்சதைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா?” இது யாருன்னு சொல்லவே வேண்டாம். பையனுக்கு நேவி பியர் ராட்டினம். உலகத்துல முதல் ராட்சத ராட்டினம் சுத்தினதே சிகாகோல, விவேகானந்தர் போன அதே 1893ல நடந்த உலகக் கண்காட்சிலதான். அவன் அதைப் படிச்சு வச்சிருக்கான், ஆசைப்பட்டுக் கேக்கறான். மாமாவுக்கு ஆர்ட் இன்ஸ்டிட்யூட். விவேகானந்தர் பேசின அரங்கம் இப்ப இல்லாட்டியும், இடம் அதேதான். எனக்கு வில்லிஸ் டவர். 442 மீட்டர், 1998 வரைக்கும் உலகத்துலயே உசரம். வடிவமைச்ச பொறியாளர்ல ஒருத்தர் டாக்காவுல பொறந்த ஃபஸ்லுர் கான். அந்தக் கண்ணாடித் தரைல ஒரு தடவை நின்னு கீழ பாக்கணும்னு எனக்கும் ஒரு ஆசை இருக்கக் கூடாதா?

இருக்கக் கூடாதாம். ஏன்னா அத்தை ஏற்கெனவே மதினிகிட்ட பேசி, ஆரோரா பாலாஜி கோயில், லெமான்ட் ராமர் கோயில், ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு தடவை போறதா முடிவு பண்ணிட்டாங்க. நான் சாமிக்கு எதிரி இல்ல. ஆனா இங்க தெரு முனைல இருக்கற முருகனை மாசத்துல ஒரு தடவை பாக்கவே முட்டி வலிங்கறவங்க அத்தை.

இதுல நேத்து அத்தை பட்டியல்: நார்த்தங்காய் ஊறுகாய், கூழ் வத்தல், பருப்புப் பொடி, ரெண்டு கட்டு கருவேப்பிலை. மத்ததைக் கூட சமாளிச்சுடலாம். பச்சைக் கருவேப்பிலை அமெரிக்காவுக்குள்ள விட மாட்டாங்க அத்தை, எலுமிச்சை மரத்துக்கு நோய் பரப்பற பூச்சி அதுல வரும்னு தடை. “அவ ஆசையா கேட்டா”ன்னு கண் கலங்கறாங்க. நான் வில்லி ஆயிட்டேன்.

இன்னிக்கு காலைல மாமா குரூப்ல போட்ட செய்தி: “எல்லாருக்கும் இவ்வளவு கஷ்டம்னா, பேசாம மஹாபலேஷ்வர் போயிட்டு வந்துடலாமே. வெண்ணா ஏரில போட் இருக்கு.” கீழ எட்டு கட்டை விரல். அதுல ஒண்ணு என் வீட்டுக்காரரோடது.

இப்ப எல்லாரும் கேட்டுக்குங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் விசா கட்டணம் கட்டறேன். ஜூன் முதல் ரெண்டு வாரம். ஊருக்குள்ள மூணு ராத்திரி ஓட்டல், மிச்சம் மதினி வீடு. கோயில் ரெண்டும் உண்டு, ஒவ்வொரு தடவை. டவருக்கு யார் வந்தாலும் வராட்டியும் நான் தனியா ஏறுவேன். மாமா, போட்டோவுக்குக் கண்ணாடியைக் கழட்டணும், கண்ணாடி போட்ட படத்தை ஏத்துக்க மாட்டாங்க, திருப்பித் திருப்பிக் கேக்காதீங்க. அணு கேள்விக்கு ‘இல்லை’ போட்டாச்சு.

தம்பி, பெரிய மாமா, மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் வரல. அஞ்சு நிமிஷம் முன்னாடி உங்களை குரூப்ல இருந்து எடுத்துட்டேன்.