ரீபூட் பண்ணும் முன் ஐந்து நிமிடம் கொடுங்கள்

சனிக்கிழமை ராத்திரி நம் கண்டெய்னர்கள் ஓடும் சர்வர் உறைந்தது, காரணம் பார்க்காமலே ரீபூட் பண்ணினார்கள் என்று இங்கே பலருக்கும் தெரியும். சர்வர் உறைந்ததில் எனக்குக் கோபமில்லை. "நைட் ஷிஃப்டில் இருந்தவர் கண்டெய்னரைத் தவறாக நிறுத்தியதே காரணம்" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்த ஆதாரத்தை வைத்து எழுதினீர்கள்? இருந்த ஆதாரத்தையும் ரீபூட் பண்ணி அழித்துவிட்டீர்களே!

கண்டெய்னர் என்பது ஒரே சர்வருக்குள் ஒரு புரோகிராமைத் தடுத்துத் தனியாக ஓட்டும் அறை, தனி மெஷின் இல்லை. ஒண்டுக்குடித்தனத்தில் ஆளுக்கொரு கதவு இருக்கும், கிணறு ஒன்றுதான். இங்கே அந்தக் கிணறு கர்னல், அதாவது எல்லாக் கண்டெய்னரும் பகிரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில், கண்டெய்னருக்கு முன்னோடியான ஜெயில் வந்த நாளிலிருந்து இதே நிலைதான். லினக்ஸில் நேம்ஸ்பேஸ் என்ற வசதி கண்டெய்னர்கள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும், சிகுரூப் என்ற வசதி சிபியூ, மெமரிக்கு அளவு போடும். கர்னலுக்குள் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) மாட்டிக்கொண்டால் இரண்டும் உதவாது.

அன்று லோட் ஆவரேஜ், அதாவது ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை, எகிறியது, சிபியூ சும்மா கிடந்தது. ப்ராசஸ்கள் டி ஸ்டேட்டில், அதாவது இடையில் எழுப்ப முடியாத காத்திருப்பில், மாட்டியிருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன அறிகுறி வேண்டும்? லினக்ஸ் அவற்றையும் லோடில் சேர்த்தே எண்ணும். கட்டாயமாகக் கொல்லும் கில் -9 கட்டளை அடித்தாலும் சாகாது. கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூவில் டபிள்யூ கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று கர்னலே சொல்லியிருக்கும். கர்னல் விழும்போது மெமரியைச் சேமிக்கும் கேடம்ப் போட்டு வைத்திருந்தால், சிஸ்ஆர்க்யூ சி கொடுத்து கர்னலை வேண்டுமென்றே விழவைக்கலாம். மெமரி அப்படியே டிஸ்கில் விழும், பிறகு மெஷின் தானாக ரீபூட் ஆகும். நீங்கள் கேட்ட ரீபூட்டும் அதிலேயே கிடைத்திருக்குமே!

முன்பு வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான். புதுக் கண்டெய்னர் எதுவும் எழும்பவில்லை, எல்லாரும் ஒரு டெவலப்பரைத் திட்டினார்கள். கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் நெட்கன்சோலைப் பக்கத்து மெஷினுக்குத் திருப்பி வைத்திருந்ததால் தப்பித்தோம். லூப்பேக் இன்டர்ஃபேஸ் (கண்டெய்னர் தனக்குள்ளேயே பேசும் நெட்வொர்க் வழி) விடுபடக் காத்திருப்பதாக ஒரே வரி, 10 விநாடிக்கு ஒருமுறை. கண்டெய்னர் ஓட்டும் டாக்கர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் 2014-லிருந்து புலம்பிய பிரச்சினை அது. செத்த கண்டெய்னரின் நெட்வொர்க்கை ஏதோ ஒரு ரெஃபரன்ஸ் விடாமல் பிடித்திருக்கும். கர்னல் ஒரு லாக்கை (பூட்டை) வைத்துக்கொண்டே காத்திருக்க, அடுத்த கண்டெய்னரும் அந்த லாக்குக்காக நிற்கும். கர்னலை மாற்றினோம், சரியானது. அந்த டெவலப்பரிடம் ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

"கஸ்டமர் காத்திருக்கும்போது டம்ப் எடுத்துக்கொண்டு இருப்பதா?" என்று கேட்பீர்கள். அடுத்த சனிக்கிழமையும் நின்றால் அதே கஸ்டமருக்கு என்ன சொல்வீர்கள்? "கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வேறு நோடுக்கு (சர்வருக்கு) மாற்றிவிடுமே" என்கிறார் ஒருவர். அந்த நோடிலும் அதே கர்னல்தானே ஓடுகிறது? தனிக் கர்னலோடு ஓடும் விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) போகலாம் என்பது நியாயமான பேச்சு, அதைத் தனியாகப் பேசலாம்.

சரி, கர்னலை விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நைட் ஷிஃப்டில் இருந்த அந்தப் பையன் குரூப்பில் என்ன கேட்டான்? "அண்ணா, கன்சோல்ல ஏதோ ட்ரேஸ் வருது, எடுத்து வைக்கட்டுமா?" என்று. "முதல்ல ரீபூட் பண்ணு" என்று பதில் போட்டவர்கள் யார்? படுக்கையில் இருந்தபடி உத்தரவு போட்டவர்கள் பெயர் அறிக்கையில் இல்லை. விழித்திருந்தவன்மேல் பழி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அப்ரைசலில் இந்த வரி அவன் கூடவே வரும். ராத்திரி வேலை பார்க்கிறவர்களை இப்படித்தான் நடத்துவீர்களா?

எல்லா ஹோஸ்டிலும் கேடம்ப் போடுங்கள், நெட்கன்சோல் போடுங்கள். அதற்கு முன்னால் அந்த வரியை எடுங்கள். எடுக்கும்வரை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.