முதலாளிக்கு வலிக்காத வேலைநிறுத்தம்

மருத்துவமனை ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்த அன்றே மன்னார்குடி டீக்கடைகளில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒன்று, "உயிரோடு விளையாடுகிறவர்களை எஸ்மாவில் உள்ளே தள்ள வேண்டும்" என்கிறது; எஸ்மா என்பது அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டம். மற்றது, "உரிமைக்குப் போராடுகிறவனைக் கேள்வி கேட்காதே" என்கிறது. அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இரண்டு தரப்பும் என்னைச் சாட்சிக்கு இழுக்கின்றன. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழத்தஞ்சை மண்ணில் பிறந்தவனுக்கு வேலைநிறுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சம்பா முற்றி நிற்கும்போது அறுப்புக்கு இறங்க மாட்டோம் என்று பண்ணையாட்கள் வரப்பில் நின்றுவிட்டால், மிராசுதாருக்கு விடிந்தால் நஷ்டம். கதிர் காத்திருக்காது. மணி உதிரும், ஒரு மழை பெய்தால் சாய்ந்து முளைவிட்டுவிடும். அந்த வலிதான் திண்ணையில் சாய்ந்திருந்தவரைப் பேச்சுவார்த்தைக்கு எழுப்பிக் கொண்டுவந்தது. 1948-இல் பண்ணையாட்களின் கூலி பற்றிய மாயூரம் ஒப்பந்தம், 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் போராடி வாங்கியவை. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அந்த வலியிலிருந்து தப்பிக்கப் பார்த்ததும், கூலி கேட்டவர்கள் மீது வன்மம் முற்றியதும், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றதில் போய் முடிந்ததும் நாம் அறிந்த வரலாறு. வேலைநிறுத்தம் முதலாளிக்கு எவ்வளவு வலித்தது என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று கிடையாது.

மருத்துவமனையில் இந்தக் கணக்கு தலைகீழ். வெளிநோயாளிப் பிரிவான ஓபியை மூடினால் அரசுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. மருந்து கிடங்கிலேயே இருக்கிறது. அமைச்சரோ செயலாளரோ அந்த வரிசையில் நிற்பதில்லை, அவர்கள் வீட்டாரும் நிற்பதில்லை. நஷ்டப்படுகிறவள் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சீட்டுப் போட நிற்கும் கிழவி. சம்பளத்தை நிர்ணயித்தவள் அவளில்லை. உயர்த்திக் கொடுக்கவும் அவளால் முடியாது. வலி ஒருவருக்கு, முடிவெடுக்கும் அதிகாரம் வேறொருவருக்கு. ஆகவே அரசால் காத்திருக்க முடிகிறது. காத்திருக்கவும் செய்கிறது. மருத்துவமனை வேலைநிறுத்தங்களில் நான் பார்த்த எல்லாக் கோளாறும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர்கள் வேலைநிறுத்தம் என்றால் வார்டில் பிணம் விழும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அரிது. அவசரப் பிரிவு, பிரசவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றையும் யாராவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்களே காஷுவாலிட்டிக்கு வந்து உட்காருவார்கள். ஊசி போடும் டிரே எங்கே இருக்கிறது என்று அவர்கள் நர்சைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பார்க்க, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். அங்கே அன்றாடம் சுமக்கும் தோள்கள் பயிற்சி டாக்டர்களான ஹவுஸ் சர்ஜன்களும் மேற்படிப்பு மாணவர்களும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரியும்.

நிற்பது எது? நாள் குறித்த அறுவை சிகிச்சைகள். குடலிறக்கம், கர்ப்பப்பை, கண்புரை. இரவிலிருந்து வெறும் வயிற்றோடு கிடந்த பெண்ணிடம் காலையில் வந்து "இன்றைக்கு இல்லை அம்மா, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்பார்கள். அவளுடைய கணவர் திருப்பூரில் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார். அடுத்த தேதி சில வாரம் தள்ளித்தான் கிடைக்கும். அதற்குள் நடவோ அறுப்போ வந்துவிடும், அவள் வரவே மாட்டாள்.

பிறகு மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது. இதுதான் டெல்டாவின் தனிச் சாபம். வேதாரண்யத்தில் பாம்பு கடித்தவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திருவாரூர், அங்கிருந்து தஞ்சாவூர் என்று தள்ளிக்கொண்டே போனால் மொத்தத் தொலைவு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். திருவாரூர் மருத்துவக் கல்லூரி 2010-இல் வந்தது, ஒரத்தூரில் நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு எல்லா ஆம்புலன்ஸும் தஞ்சாவூரை நோக்கித்தான் ஓடின. மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆன பிறகும் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சாதாரண நாளிலேயே இந்த நிலை. வேலைநிறுத்த நாளில் தாலுகா மருத்துவமனையில் இருக்கும் ஒரே டாக்டர் எதையும் கையில் எடுக்கத் துணியாமல் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். பணம் இருப்பவர் தனியாருக்குப் போவார். இல்லாதவர் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துவிட்டுத் தனியாருக்குப் போவார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. வேலைநிறுத்த நாளில் ஜன்னல் காற்று வாங்கும். கூட்டம் வருவது அது முடிந்த பிறகு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதக் கணக்கில் மாத்திரை வாங்குகிறவர்கள், வந்து திரும்பிய அன்றோடு மாத்திரையை விட்டிருப்பார்கள். கடையில் காசு கொடுத்து வாங்க மனம் வராது. அடுத்து வரும்போது சீட்டில் மாத்திரையின் அளவு கூடியிருக்கும், சிலருக்கு இன்சுலின் எழுதியிருக்கும், ஒருவருக்குக் கால் விரலில் கட்டு இருக்கும். வேலைநிறுத்தத்தின் சேதத்தை வேலைநிறுத்த நாளிலேயே தேடுகிறவர்களுக்கு அது அகப்படாது.

வெளிநாட்டு ஆய்வுகளும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்கின்றன. டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்த இடங்களில் சாவு எண்ணிக்கை கூடவில்லை, சில இடங்களில் குறைந்தும் இருக்கிறது என்று 2008-இல் வந்த ஒரு மறு ஆய்வு சொன்னது. அவசர சிகிச்சை நடந்ததும், தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் நின்றதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று வாதாடும் சங்க நண்பர்களுக்கு அடுத்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த நர்சுகளின் வேலைநிறுத்தங்களை ஆராய்ந்தபோது, அந்த நாட்களில் உள்நோயாளிகளின் இறப்பு விகிதம் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது. டாக்டர் வார்டுக்கு வந்து போகிறவர். இரவு முழுவதும் கூடவே இருப்பவர் நர்ஸ்தான்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் துப்புரவுப் பணியாளர்கள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், நர்சுகள் வந்திருந்தார்கள், மருந்து இருந்தது. முதல் அறுவை முடிந்ததும் தியேட்டரைக் கழுவ ஆளில்லை. கழுவாத தியேட்டரில் அடுத்த நோயாளியைக் கிடத்த முடியாது. பூட்டினார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லாமல் நோயாளியின் தம்பியும் மைத்துனனும் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரசவ வார்டில் ரத்தத் துணி வாளியில் அப்படியே கிடந்தது. மதியத்துக்குள் மருத்துவமனை முடங்கிவிட்டது. டாக்டர்கள் ஒரு வாரம் நின்றாலும் இவ்வளவு முழுமையாக முடங்காது.

அவர்கள் கேட்டது கலெக்டர் நிர்ணயித்த தினக்கூலியை முழுதாகக் கொடுங்கள் என்பதுதான். நிர்வாகம், "நீங்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்திடம் கேளுங்கள்" என்றது. நிறுவனத்து மேற்பார்வையாளர், "அரசிடமிருந்து பில் தொகை வரவில்லை" என்றார். பண்ணையாளுக்கு மிராசுதார் யார் என்றாவது தெரிந்திருந்தது. இவர்களுக்கு முதலாளி யார் என்பதே தெரியாமல் செய்துவிட்டார்கள். அன்றைய தினம் செய்தித்தாளில் ஒரு மூலையில்கூட வரவில்லை.

அரசு எப்படிக் காத்திருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு. இரண்டு ஆண்டு கழிந்தது, வாக்கு நிறைவேறவில்லை. 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள், நம் நாகப்பட்டினம், திருவாரூர்ப் பிள்ளைகளும் உண்டு. உயர் நீதிமன்றம் தடை விதித்தது, கலைந்தார்கள். பிறகுதான் 7,700 என்பது 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. கொடுக்க முடிந்த தொகையை, அவர்கள் தரையில் படுத்த பிறகுதான் கொடுப்பார்களாம்.

2019-இல் டாக்டர்கள். 2009-இல் போட்ட அரசாணை 354-ஐ ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள், 20 ஆண்டில் கிடைக்கிற ஊதிய நிலையை 12 ஆண்டில் கொடுங்கள் என்று கேட்டு அக்டோபர் 25 அன்று இறங்கினார்கள். கோரிக்கைக்குப் பத்து வயது. அதே நாள்தான் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. சுகாதாரத் துறை அமைச்சரே அங்கே போய் நின்றார், நாடே அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் தீபாவளி. ஊரெல்லாம் டெங்கு. வேலைக்குத் திரும்பாவிட்டால் பணி முறிவு, இடம் காலி என்று அறிவிப்போம் என்ற மிரட்டல். நவம்பர் 1 அன்று முடித்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது இடமாற்ற ஆணை. அந்த ஆணைகளை 2020-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்பது தனிக் கதை.

இதோடு 2024 நவம்பர் 13-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். டாக்டர்கள் வேலைநிறுத்தம் என்றார்கள். அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு ஓடி வந்தார், போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கும் சட்டம் 2008-லிருந்தே நம்மிடம் இருக்கிறது என்பதை ஒரு பக்கம் வையுங்கள். நான் கவனித்தது வேறு: மனம் வைத்தால் சில மணி நேரத்திலேயே பேசி முடிக்க அரசால் முடிகிறது. சம்பளக் கோரிக்கை என்றால்தான் பத்து ஆண்டு ஆகிறது.

எஸ்மா கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2003-இல் அதைச் செய்தும் பார்த்தாயிற்று. வேலைநிறுத்தம் செய்த 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வேலைநிறுத்தங்கள் நின்றுவிட்டனவா? சட்டத்தால் ஒரு நர்சை வார்டுக்குள் தள்ளலாம். இரவு மூன்று மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று எழுந்து போய்ப் பார்க்க வைக்க முடியாது.

போராடுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஓபியை மூடுவது எளிது, அதனால்தான் முதலில் அதை மூடுகிறார்கள். கிராமத்துக்கு முன்கூட்டிச் சேதி சொல்வதில்லை. சேதித்தாள் படிக்காதவள் வாசல் வரை வந்துதான் தெரிந்துகொள்கிறாள். இதைவிட வயிற்றெரிச்சல் வேறு: காலையில் வளாகத்தில் கோஷம் போட்ட சில டாக்டர்களின் கிளினிக்கில் அன்று மாலை வழக்கத்தைவிடக் கூட்டம். பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க அனுமதி உண்டு, சட்டப்படி தப்பில்லை. ஆனால் காலையில் ஓபியில் இலவசமாகப் பார்த்திருக்க வேண்டியவளை மாலையில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு பார்த்தால், அதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்க என் வாய் கூசுகிறது. எல்லோரும் அப்படியில்லை. அப்படிச் செய்கிறவர்களைச் சங்கம் கண்டித்தும் நான் கேட்டதில்லை.

அரசுக்கு வலிக்கிற இடம் மருத்துவமனைக்குள்ளும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யும் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்குப் பணம் வருகிறது. நோயாளிக்குச் சிகிச்சையைக் கொடுத்துவிட்டு அந்தக் கோப்பை மட்டும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள், புள்ளிவிவரம் அனுப்பாதீர்கள். அரசு டாக்டர்கள் இப்படிச் சில முறை செய்தும் பார்த்தார்கள். எந்தத் தொலைக்காட்சியும் திரும்பிப் பார்க்கவில்லை. நோயாளி தவித்தால்தான் கேமரா வருகிறது, கேமரா வந்தால்தான் அமைச்சர் வருகிறார். இந்தப் பழக்கத்துக்குப் பொதுமக்களாகிய நாமும் உடந்தை. கோரிக்கை மனு கொடுத்த நாளில் நாம் யாரும் "என்ன பதில் சொன்னீர்கள்" என்று எம்எல்ஏவைக் கேட்டதில்லை. மனுவுக்கு இத்தனை நாளில் எழுத்தில் பதில் என்று ஒரு கெடு; கெடு தாண்டினால் நடுவர்; வேலைநிறுத்தம் வந்தால் எந்தெந்தப் பிரிவு நிற்கக் கூடாது என்று இரு தரப்பும் முன்பே கையெழுத்திட்ட தாள். டயாலிசிஸும் மாத மாத்திரையும் அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

அதெல்லாம் வரும்போது வரட்டும். அதுவரை, வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் இருப்பவர்களுக்கு: வேலைநிறுத்த நோட்டீஸ் என்று காதில் விழுந்ததும் மாத்திரை தீரும் முன்பே போய் வாங்கி வையுங்கள். மருத்துவமனை மூடியிருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள், கடையில் காசு கொடுத்தாவது வாங்குங்கள். பழைய ஓபி சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாத்திரையின் பெயரும் அளவும் அதில்தான் இருக்கும்.