மார்செய் ஆய்வில் விடுபட்ட ஆறு பேர்
மலேரியா, லூபஸ் போன்ற நோய்களுக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைக் குணப்படுத்தும் என்பதை 2020 மார்ச்சிலேயே பிரான்ஸின் மார்செய் நகரில் நடந்த ஆய்வு நிரூபித்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்கள் முதலில் 26 பேர். அவர்களில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர், ஒருவர் இறந்தார், ஒருவர் குமட்டலால் மாத்திரையை நிறுத்தினார், ஒருவர் மருத்துவமனையைவிட்டுச் சென்றார். இந்த ஆறு பேரையும் கழித்துவிட்டு எஞ்சிய 20 பேரை மட்டும் கணக்கில் கொண்டுதான் பலன் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அந்தக் கட்டுரையே 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வகச் சோதனையில் வைரஸ் கட்டுப்பட்டதே என்று மேலே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கட்டுப்பட்டது உண்மைதான், ஆனால் அது குரங்கின் சிறுநீரக செல்களில். மனித நுரையீரல் செல்களில் வைரஸ் வேறு வழியாக நுழைவதால், இதே வகை மருந்தான குளோரோகுயின் அதைத் தடுக்கவில்லை. பிரிட்டனில் மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்த ‘ரெகவரி’ என்ற பெரிய ஆய்வில், குலுக்கல் முறையில் மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதத்தினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். இதற்கு மேலும் அதைப் பலன் என்று எப்படிச் சொல்வது? லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும்) நோய்க்காகப் பல ஆண்டுகளாக இதே மாத்திரையை உட்கொண்டுவரும் என் அக்கா, கொரோனாவுக்கென்று பலரும் இதை வாங்கிக் குவித்த அந்த ஏப்ரலில் கடைசி அட்டையில் மீதமிருந்த நான்கு மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்துச் சாப்பிட்டார். நான் ஏறி இறங்கிய ஐந்து மருந்துக்கடைகளிலும் இருப்பு இல்லை என்ற பதிலே கிடைத்தது.