சபதம் எடுப்பதை நிறுத்திய பிறகு

ஆபாசக் காணொளிப் பழக்கத்தின் பிடியில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் நான். இன்று அதிலிருந்து பெருமளவு விலகி வந்திருக்கிறேன். இதைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: மனஉறுதி இருந்தால் போதும், இன்றே சபதம் எடுத்து விட்டுவிடு. அந்த அறிவுரையே பலரை அதே இடத்தில் நிறுத்திவைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரவு ஒன்றரை மணி இருக்கும். செல்பேசியின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, போர்வைக்குள் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். பத்து நிமிடம் என்று தொடங்கியது இரண்டு மணி நேரத்தைத் தின்றிருக்கும். அதிலும் பெரும்பகுதி எதையும் முழுதாகப் பார்க்காமல் அடுத்ததைத் தேடியதிலேயே கழிந்திருக்கும். முடிந்த மறுகணம் தேடிய தடங்களை எல்லாம் அழித்துவிட்டு, 'இதுவே கடைசி' என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும்; தூக்கமும் வந்துவிடும். அந்தச் சபதமும் பழக்கத்தின் ஓர் உறுப்புதான் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. குற்ற உணர்வைக் கழுவி, பழைய கணக்கை முடித்து, அடுத்த முறைக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது அதுவே.

பார்ப்பதைவிடத் தேடுவதிலேயே நேரம் போனது ஏன் என்பதற்கு மூளையியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. மூளையில் சுரக்கும் டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் ஆகிய மூளை ஆய்வாளர்கள் இருவரும் 1993-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒன்றை வேண்டுவதும் அதில் இன்பம் காண்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள்; டோபமைன் பெரிதும் முதலாவதைச் சேர்ந்தது. அதனால் இன்பம் தேய்ந்துகொண்டே போக, வேட்கை மட்டும் வளர்ந்துகொண்டே வருவது சாத்தியம். போதைப்பொருள்களை வைத்து எழுந்த கோட்பாடுதான் அது; ஆயினும் விருப்பமே இல்லாமல் விரல் நகர்ந்துகொண்டிருந்த என் இரவுகளை அதைவிடத் தெளிவாக விளக்கிய ஒன்றை நான் படித்ததில்லை.

இதைப் போதை அடிமைத்தனம் என்று அழைக்கலாமா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தையை அது ஒரு கோளாறாக ஏற்றிருக்கிறது. ஆனால் சூதாட்டத்தையும் வீடியோ கேம் அடிமைத்தனத்தையும் வைத்திருக்கும் பிரிவில் சேர்க்காமல், உந்துதலை அடக்க இயலாத கோளாறுகளின் பிரிவில் வைத்திருக்கிறது. பெயர்ச் சண்டையைவிட அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்பாடு கைநழுவி, உடல்நலமும் உறவும் வேலையும் கெட்டும் தொடர்வதையே அது கோளாறு என்கிறது. ஒழுக்கம் சார்ந்த குற்ற உணர்வினால் மட்டும் எழும் வேதனை அதற்குப் போதாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. எப்போதோ ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்னை நோயாளி என்று நினைத்து மருகும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களை வாட்டுவது பெரும்பாலும் வெட்கம்தான். பெண்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் வாய் திறப்பது இன்னும் கடினம்.

பார்க்காமல் கடந்த நாள்களை எண்ணும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை 41 நாள்கள் எண்ணினேன். 42-ஆம் நாள் தவறினேன். ஒரு தவறோடு நின்றிருந்தால் இழப்பு ஓர் இரவுதான். ஆனால் 'எல்லாம் போயிற்று, இனி என்ன' என்ற எண்ணத்தில் அடுத்த ஒரு வாரமும் விழுந்து கிடந்தேன். மதுப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களிடம் உளவியலாளர் ஆலன் மார்லட் கண்டு விவரித்தது இதைத்தான்: ஒரு சறுக்கலைத் தன் குணத்தின் தோல்வி என்று எடுத்துக்கொள்பவரே முழு வீழ்ச்சிக்குப் போகிறார். தொண்ணூறு நாளில் மூளை புதிதாகிவிடும் என்று பரவும் கணக்குக்கும் உறுதியான மருத்துவ ஆதாரம் கிடையாது. அந்த எண்ணிக்கை பலருக்கு ஊக்கம் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சவுக்காகத்தான் இருந்தது.

என் மீட்சி தொடங்கியது ஒரு நண்பனிடம் சொன்ன அன்றுதான். முகம் பார்க்க முடியாமல், நடந்துகொண்டே சொன்னேன். 'எத்தனை வருஷமா?' என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். அவன் கேட்டது, 'அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருப்ப?' என்று. என்னிடம் பதில் இல்லை. பின்னர் நான் போன மனநல ஆலோசகரும் அதே கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தார். ஒரு சிறிய நோட்டில் நாள், நேரம், அதற்கு முந்தைய மனநிலை ஆகிய மூன்றை மட்டும் எழுதச் சொன்னார். ஆறு வாரங்களில் வெளிப்பட்ட உண்மை என்னைத் திகைக்க வைத்தது. காமம் என்று எழுத வேண்டிய இடம் அபூர்வமாகவே வந்தது. மறுநாள் வேலையைப் பற்றிய பயம், யாரிடமோ பட்ட அவமானம், தூக்கமின்மை, வெறுமை என்றே பக்கங்கள் நிரம்பின.

உந்துதலை அடக்காமல் அது எழுந்து, உச்சம் தொட்டு, தானே தணியும்வரை பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். முதலில் இது அபத்தமாகப் பட்டது. எண்ணத்தை வலிந்து அடக்கினால் அது மீண்டும் மீண்டும் எழும் என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இலேயே சோதனையில் காட்டியிருக்கிறார் என்று அறிந்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. எழும் உந்துதலை ஏற்றுக்கொண்டு, நமக்கு முக்கியமானதைச் செய்வதில் உறுதியாக நிற்பதை அடிப்படையாகக் கொண்ட இந்தச் சிகிச்சை முறையை உளவியலாளர்கள் மைக்கேல் டூகிக்கும் ஜெசி கிராஸ்பியும் 6 ஆண்களிடம் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். எட்டு அமர்வுகளின் முடிவில் பார்க்கும் அளவு 85 விழுக்காடு குறைந்திருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதே திசையில்தான் எனக்கும் வழி திறந்தது. செல்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போட்டதும் உதவியது. மனச்சோர்வும் பதற்றமும் உடன் இருந்தால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். பழக்கத்தின் வேர் அங்கேயே இருக்கலாம்.

இடையில் பதினொரு மாதங்கள் கழித்து ஒருமுறை சறுக்கினேன். அன்றிரவு எதையும் அழிக்கவில்லை. 'இதுவே கடைசி' என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை, இரவு 11.40, நாளைய கூட்டத்தைப் பற்றிய பயம் என்று எழுதினேன். காலையில் நண்பனை அழைத்து அதை அப்படியே படித்துக் காட்டினேன்.